எட்டுக் குமிழ் லாரி – அத்தியாயம் 14: மெத்தை

சேலையூர் தசரதன் வீட்டு மாடியில், கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் பொம்மைத் தண்ணீர் லாரியின் டிரைவர் சீட்டில் யாரோ ஒரு சின்ன சிவப்புக் கட்டையைச் சொருகிவிட்டுப் போவதைச் சென்ற வாரம் பார்த்தோம். குமரேசன் அதை எடுக்க எடுக்க, அது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெறுத்துப்போய் அலமாரியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான் அல்லவா? காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் நேராக அலமாரி முன்னால் போய் நின்றான்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சிவப்புக் கட்டை திரும்பி வந்திருந்தது.

அது மட்டும் என்றால்கூட மனிதன் பொறுத்துக்கொண்டிருப்பான். டிரைவர் பொம்மைக்கு இடப்பக்கம், நேற்றுவரை காலியாக இருந்த சீட்டில், இன்னொரு பொம்மை உட்கார்ந்திருந்தது. இரண்டும் கண்ணாடி வழியாக இவனையே பார்த்தன.

லாரியின் அடியில் கண்ணாடித் தட்டு ஈரமாக இருந்தது. அலமாரியைத் திறந்து பனியனால் துடைத்தான். பனியனை முகர்ந்து பார்த்தபோது பாசி வாசனை வந்தது. மாடியில் குழாய் கிடையாது, மழை பெய்தும் பத்து நாளாகிறது. பனியனை வாளிக்குள் எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொண்டான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தசரதன் குடும்பம் ஒரு காலத்தில் தண்ணீர் லாரி ஓட்டியது. நீல டேங்கும் காவி நிறக் கேபினுமாக 'கங்கை' என்று ஒரு லாரி. தசரதன் மனைவி கங்கையம்மாளின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் திருநீர்மலைக்குப் பின்புறம் உள்ள கல்குட்டையில் தண்ணீர் ஏற்றப் போன அந்த லாரி, பின்பக்கமாக உருண்டு குட்டைக்குள் போய்விட்டது. ஓட்டிப் போனவன் இரண்டாவது மகன் சூர்யா. கிரேன் வைத்து லாரியைத் தூக்கினார்கள். கேபின் காலியாக இருந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடியும் சூர்யா கிடைக்கவில்லை. கல் எடுத்த குட்டைக்கு அடி எங்கே என்று எடுத்தவர்களுக்கே தெரியாது.

அன்றிலிருந்து சூர்யாவின் மனைவி தீபா தாலியோடும் பொட்டோடும் அதே வீட்டில் இருக்கிறாள். நாளை அமாவாசை. நாளை அந்தக் குட்டைக் கரையில் சூர்யாவுக்குக் காரியம் செய்வதாக முடிவாகியிருக்கிறது. முடிவைச் சொன்னவள் தீபாதான்.

சூர்யாவின் அண்ணன் குமரேசன் மறைமலைநகர்ப் பக்கம் லாரிகளுக்கு பாடி கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணப் பேச்சை எடுத்தால் பிளாஸ்டிக் கட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் கட்டியதுதான் இந்தப் பொம்மைக் 'கங்கை'.

பொம்மை லாரி கட்டுவதை விளையாட்டு என்று நினைப்பவர்கள் அவனிடம் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டைகளோடு வரும் ஆள் பொம்மை கட்டைவிரலை விடச் சின்னது. அதன் உயரத்தை வைத்து லாரியை அளந்தால், கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்க் கணக்கில் அகலம் ஏழு வரும். ஆனால் இந்தப் பொம்மைகள் எல்லாம் நன்றாகச் சாப்பிட்ட உடம்பு. தோளை வைத்து அளந்தால் பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஏழு வைத்தால் கேபினில் இரண்டு பேர் தோள் இடிக்காமல் உட்கார முடியாது. பத்து வைத்தால் லாரி கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். குமரேசன் பல மாதம் உடைத்து உடைத்துக் கட்டி, எட்டில் வந்து நின்றான். டயருக்கும் டேங்குக்கும் இதே பாடு. டயர் பெரிதானால் சந்தையில் விற்கும் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும், சின்னதானால் லாரி வயிற்றால் நடப்பது போலத் தெரியும்.

அசல் 'கங்கை'யில் இருந்த எல்லாமே இதில் இருந்தது. கேபினின் இடப்பக்கக் கதவு ஒருமுறை பஸ் இடித்ததிலிருந்து ஓட ஓடத் திறந்துகொள்ளும். அதனால் உள்ளேயிருந்து பச்சை நைலான் கயிறு போட்டு நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். ஏறுவதும் இறங்குவதும் டிரைவர் பக்கமாகத்தான். கிரேனில் லாரி மேலே வந்தபோது அந்தக் கயிறு முடிச்சு அவிழாமல் இருந்ததைக் குமரேசனே பார்த்தான். அதனால் பொம்மையிலும் இடப்பக்கக் கதவைப் பச்சை நூலால் கட்டிவைத்திருந்தான்.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டியதில்தான் இந்தச் சிவப்புக் கட்டை. ஒரு கட்டையில் மூன்றில் ஒரு பங்கு கனம் உள்ள தட்டைத் துண்டு. அதை டிரைவருக்குக் கீழே வைத்தால் பொம்மையின் முடி கூரையில் உரசுகிறது. அளவு தெரியாத யாரோ செய்யும் விஷமம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். இன்று பக்கத்து சீட்டைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"அண்ணா, கீழ வாங்க. சாஸ்திரிகள் லைன்ல இருக்கார்" என்று தீபா கூப்பிட்டாள்.

குமரேசன் எதையும் தொடாமல் அலமாரியைப் பூட்டிவிட்டு இறங்கினான்.

கூடத்தில் கங்கையம்மாள் தரையில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எள், பச்சரிசி, ஒரு பெரிய கட்டு தர்ப்பை. தீபா, தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்திருந்தாள்.

"சரீரம் கிடைக்காதவாளுக்கு தர்ப்பையால உருவம் பண்ணி, அதுக்குத்தான் சம்ஸ்காரம் பண்ணணும்" என்றார் சாஸ்திரிகள். "அவர் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து எடுத்துண்டு வந்துடுங்கோ. குத்துமதிப்பா வேண்டாம். உருவம் அவரோட அளவுக்குச் சரியா இருக்கணும்."

போன் அணைந்தது.

"நான் டேப் எடுத்துட்டு வரேன்" என்று குமரேசன் எழுந்தான்.

"டேப்பை வெச்சு யாரை அளப்பீங்க?" என்று கேட்டாள் தீபா.

அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. வெள்ளை நூல்கண்டை எடுத்து, நுனியைக் குதிகாலுக்குக் கீழே மிதித்துக்கொண்டு சுவரோடு நின்றாள். "என் உச்சந்தலை அவர் மோவாய்க்கு வரும். அதுக்கு மேல அவர் முகம்." கையை உயர்த்தித் தலைக்கு மேலே காற்றில் நிறுத்தினாள். யோசிக்கவே இல்லை. "இங்க. பிடிச்சுக்கோங்கண்ணா."

அளவெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் குமரேசன், அவள் காட்டிய இடத்தைச் சரியா என்று கேட்கவில்லை. நூலைப் பிடித்தான்.

"நெட்டக்கொக்கு" என்றாள் கங்கையம்மாள், தர்ப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாசக்கால்ல தலைய இடிச்சிக்காத நாளு கெடயாது. லாரியில ஏறினா மொத வேல, அவங்கப்பன் மெத்தையத் தூக்கிப் பின்னாடி கடாசறதுதான். தலை கூரைல முட்டுதாம்மா, தொரைக்கு. இவரானா அந்த மெத்த இல்லன்னா ரோடே தெரியாதும்பாரு. அப்பனும் புள்ளயும் அந்த ஒரு மெத்தைக்கு தெனம் சண்ட."

சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குமரேசன் கையிலிருந்து நூல் நழுவியது.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றவன் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினான். நூலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவன் அவன் அல்ல என்று தீபாவுக்குத் தெரியும். அவளும் பின்னால் போனாள்.

அலமாரி திறந்திருந்தது. குமரேசன் லாரியின் கூரையைக் கழற்றி வைத்திருந்தான். விரல் நுனியில் சிவப்புத் துண்டு.

"தீபா, இந்த பொம்மைங்கள்ல நெட்டை குட்டை கிடையாது. எல்லாருக்கும் ஒரே ஹைட். அதனால உள்ள உட்கார்ந்திருக்கறது யாருன்னு பொம்மை சொல்லாது. சீட்டுதான் சொல்லணும்." அவன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் சூர்யாவுக்காக கட்டினேன். அவன் நெட்டை, சீட்டைத் தாழ வெச்சேன். இதை வெச்சவங்க தப்பா வெக்கலை. சிவப்பு ரெக்ஸின் மெத்தை. உனக்கு ஞாபகம் இருக்கா?"

தீபா அந்தத் துண்டைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாமா அன்னிக்குக் குட்டைவரைக்கும் போகவே இல்லையே. கேம்ப் ரோட்டுல டீக்கடை வாசல்ல இறங்கிட்டேன்னுதானே சொன்னார்?"

"ஆமாம்."

"அப்ப அவருக்குக் கண்ணுல புரை. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னு சொல்லியிருந்தார். லாரி சாவியைக்கூட உங்க தம்பிதான் பிடுங்கி வெச்சிருந்தார்."

"ஆமாம்மா."

"அண்ணா." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு மாமா தலை ஈரமா வந்தார். திருநீர்மலைக் குளத்துல முழுக்குப் போட்டேன்னு சொன்னார். நான்தான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்."

வெளியே கேம்ப் ரோட்டில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அது ஓய்ந்ததும் அறைக்குள் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. சிறிய சத்தம். இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இந்த அலமாரிக்கு இன்னொரு சாவி இருக்கா?" என்றாள் தீபா.

"இது நம்ம தண்ணி லாரி ஆபீஸ்ல இருந்த ஷோகேஸ். சாவி ரெண்டு. இன்னொண்ணு..." அவன் முடிக்கவில்லை. அந்தப் பழைய ஆபீஸ் சாவிக்கொத்து இன்னும் தசரதன் இடுப்பில்தான் தொங்குகிறது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.

சிவப்புத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்து, டிரைவரை அதன்மேல் உட்காரவைத்து, கூரையை மூடினான். முடி கூரையில் உரசியது. அது இருக்க வேண்டிய விதம் அதுதான் என்று இப்போது தெரிந்தது.

தசரதன் பெரும்பாக்கத்தில் ஒரு பங்காளி வீட்டுக்கு நாளைய காரியத்தைச் சொல்லப் போயிருந்தார். வெயில் இறங்கும் நேரத்தில்தான் திரும்பினார். குள்ளமான உடம்பு, புரை எடுத்த கண்ணுக்குக் கனமான கண்ணாடி. நிலம் விற்ற பணத்தில் கட்டிய கடைகள் வாடகைக்குப் போகின்றன, உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனாலும் இந்த ஏழு வருடத்தில் அவர் ஒரு வேளைகூட வயிறாரச் சாப்பிட்டுக் கங்கையம்மாள் பார்த்ததில்லை.

"மாமா, கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்றாள் தீபா.

"இன்னாத்துக்குமா?"

"வாங்களேன்."

அவர் படியேறி வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். குமரேசன் அலமாரியைத் திறந்தான். கூரையைக் கழற்றினான். டிரைவர் பொம்மையைத் தூக்கி, அதன் அடியிலிருந்த சிவப்புத் துண்டைப் பிடித்து நெம்பினான்.

"அத்த எடுக்காதடா" என்றார் தசரதன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது யார் மெத்தை மாமா?" என்றாள் தீபா.

குமரேசன் துண்டை விட்டுவிட்டு டிரைவரை மறுபடி உட்காரவைத்தான். அலமாரிக்குள் எங்கோ ஒரு துளி விழுந்தது. தசரதனின் பார்வை அந்தச் சத்தம் வந்த பக்கம் போயிற்று. அவருக்கு அது புதிதல்ல போலிருந்தது.

"என் மெத்த" என்றார். "நான்தான் ஓட்டினேன்."

தீபா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"கொஞ்ச தூரம் ஓட்டறேன்டான்னு கெஞ்சினேன். என் லாரி. கை நமநமங்குது. சரி ஓட்டு நைனான்னு குடுத்தான். அந்தாண்ட போயி இவன் ஒக்காந்தான்." விரலால் இடப்பக்கப் பொம்மையைக் காட்டினார். "குட்டையாண்ட ரிவர்ஸ் எடுக்கறேன். நான் எறங்கி சைடு பாக்கறேன் நைனான்றான். அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கீது. எறங்கணும்னா நான் எறங்கி அவனுக்கு வழி உடணும். எனக்கு ரோசம். கண்ணு தெர்லன்னு சொல்றான்னு ரோசம். தேவல, ஒக்காருடான்னேன். ஒக்காந்தான்."

"அப்பா" என்றான் குமரேசன்.

"பின்னாடி எறங்கிப்போச்சு. தண்ணி உள்ள வருது. நான் ஜன்னல் வழியா பூந்தேன். பாதி ஒடம்பு வெளிய வந்துட்ச்சு. அப்ப என் கால ஒரு கை புட்ச்சிது." அவர் தன் வலது கணுக்காலைப் பார்த்தார். "உதறிட்டேன். வேணும்னு உதறலமா. உசுரு பயம். ஒதறிட்டுது."

"அப்புறம்?" என்றாள் தீபா.

"மேல வந்து கத்தினேன். ஒருத்தனும் இல்ல. வெயில்ல ஒக்காந்து தண்ணியவே பாத்துக்கினு இருந்தேன். கொப்புளம் வந்துச்சு. அப்பால அதுவும் நின்னுபோச்சு. எழுந்து நடந்து வந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லாம?"

"உங்க அத்தை மூஞ்சிய எப்டிமா பாக்கறது? கண்ணு தெரியாதவன் ஓட்டி புள்ளய சாவடிச்சிட்டான்னு..." அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "இவன் பொம்ம கட்டி வச்சான். அதுல அவன் ஒருத்தனே ஒக்காந்து ஓட்டறான். அது தெனம் என்னப் பாத்து பொய் சொல்லிக்கினு நிக்குது. தாங்கல. மெத்தய வச்சேன். அவனயும் பக்கத்துல வச்சேன். யாராவது கேக்கமாட்டாங்களான்னு கீது. கேட்டுட்டா இன்னா பண்றதுன்னும் கீது."

குமரேசன் பற்களைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

தீபா மாமனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷமா நான் வாசலைப் பார்த்துட்டு இருந்தேன் மாமா. கேட் சத்தம் கேட்டா ஓடுவேன். ரோட்டுல நெட்டையா யாராவது போனா வண்டியை நிறுத்திட்டுப் பார்ப்பேன். நான் பார்க்கறதை நீங்க பார்த்துட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை. அவன் வரமாட்டான்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். எனக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும்."

கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டாள். அன்பினால் அல்ல. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்குக் குட்டைக் கரையில, சாஸ்திரிகள் உருவத்துக்கு நெருப்பு வெக்கறதுக்கு முன்னாடி, இதை எல்லார் எதிர்லயும் நீங்க சொல்லணும். அத்தைகிட்ட இப்பவே சொல்லணும்."

"சொல்றேன்மா."

"சொல்லுங்க." அவள் நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சை அவள் எவ்வளவு காலமாகப் பிடித்துவைத்திருந்தாளோ. "எனக்கு உங்க மேல இருக்கற கோபம் போகாது மாமா. ஆனா இன்னிக்கு நான் தூங்குவேன். காத்துட்டு இருக்க வேண்டாம்னு தெரிஞ்சுபோச்சு, பாருங்க. அது போதும்."

உண்மையாகவே அவள் முகம் லேசாகியிருந்தது. குமரேசன் அதைப் பார்த்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளில் அவள் இப்படித்தான் இருந்தாள் என்று அவனுக்கு நினைவு வந்தது.

கேபின் கூரையைப் பொருத்தி, அலமாரியைப் பூட்டினான். அப்பாவின் இடுப்பிலிருந்து இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான். பூட்டும்போது பார்த்தான். மெத்தைமேல் டிரைவர், இடப்பக்கம் இன்னொருவன், கதவில் பச்சை நூல். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

மூவரும் ஒன்றாகத்தான் படியிறங்கினார்கள்.

கங்கையம்மாளிடம் தசரதன் சொன்னதை இங்கே விவரமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் கத்தவில்லை. கேட்டு முடித்ததும், "அன்னிக்கு உன் வேட்டில பாசி இருந்துச்சு. நான்தான் தொவச்சேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தர்ப்பைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காய்ந்த புற்களைப் பிரித்துப் போடும் வேலையைத் தொடர்ந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று கேட்கும் தைரியம் அந்தக் கூடத்தில் யாருக்கும் இல்லை.

தீபா விளக்கைப் போட்டாள். காலையில் அரைகுறையாக விட்ட நூலை மறுபடி சுவரோடு நின்று அளந்து, பல்லால் கடித்து அறுத்து, மடித்து, எள் பொட்டலத்தோடு வைத்தாள்.

"அண்ணா, அந்த இன்னொரு பொம்மை இருக்கில்ல, மாமா பக்கத்துல வெச்சது. அதை எடுத்துக் கொடுங்க. நாளைக்கு அதையும் அந்தத் தண்ணியிலயே விட்டுடறேன். இனிமே அது அந்த லாரிக்குள்ள உட்கார்ந்திருக்க வேண்டாம்."

"சரிம்மா" என்று குமரேசன் மாடிக்குப் போனான்.

அறையில் பாசி வாசனை மூக்கில் அறைந்தது. விளக்கைப் போட்டான். பையைத் தொட்டுப் பார்த்தான், இரண்டு சாவியும் இருந்தன. அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தான், பூட்டித்தான் இருந்தது.

குனிந்து கண்ணாடி வழியாகக் கேபினுக்குள் பார்த்தான்.

மெத்தைமேல் டிரைவர் இருந்தார். இடப்பக்க சீட்டு காலி.

பச்சை நூலைப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. அவன் கட்டிய அதே முடிச்சு, நுனி வெட்டிய அதே கோணம். கிரேனில் தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்த கேபினை அன்று அவன் இப்படித்தான் எட்டிப் பார்த்தான். கயிறு கட்டியபடி இருந்தது, உள்ளே யாரும் இல்லை.

கீழே விழுந்திருக்குமோ என்று லாரியைச் சுற்றித் தேடினான். விழுந்திருக்கவில்லை. டிரைவர் பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி, அது கண்ணாடித் தட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. காலை நேராக்கிக்கொண்டு நின்றது. காலடியில் வட்டமாகத் தண்ணீர். கேபின் ஜன்னலிலிருந்து அதன் காலடிவரைக்கும் காவி நிறக் கதவின்மேல் ஒரு ஈரக் கோடு இறங்கியிருந்தது.

அப்பா வந்த வழியாகவே தம்பியும் வந்துவிட்டான்.

பொம்மை லாரிக்கு முதுகைக் காட்டி நின்றது. அதன் முகம் அறைக் கதவைப் பார்த்தது, படிக்கட்டு இருக்கும் பக்கத்தை.

அப்பா உதறிய பிறகு என்ன நடந்தது என்று அப்பாவுக்கே தெரியாது. அப்படியானால் சூர்யாவும் வெளியே வந்திருக்கலாம். இந்த ஏழு வருடமாக வாசலைப் பார்த்தவள் தப்பாகப் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொன்னால் நாளை காரியம் நடக்காது. நாளை மட்டுமல்ல, என்றைக்கும் நடக்காது. மறுபடி கேட் சத்தம், மறுபடி ரோட்டில் நெட்டையாகப் போகிறவர்கள்.

"எடுத்துட்டீங்களா அண்ணா?" கீழேயிருந்து தீபாவின் குரல். இத்தனை வருடத்தில் அவன் கேட்டிராத லேசான குரல்.

குமரேசன் அலமாரியைத் திறக்கவில்லை. கை நீட்டி விளக்கை அணைத்தான்.

"எடுத்துட்டேன்மா" என்றான்.

"இருங்க, நானே வந்து வாங்கிக்கறேன்" என்றாள். அவள் படியேறி வரும் சத்தம் கேட்டது. இருட்டில், அலமாரிக்குள்ளிருந்து, கண்ணாடியில் பிளாஸ்டிக் தட்டுவது போல மெதுவாக ஒரு சத்தம் அவளுக்குப் பதில் சொன்னது.